ரோஸ் அட்டை என்றால் கால்குலஸ்

தொலைதூரக் கல்வி மையத்தில் உதவியாளர் வேலை என்றால், எது யாருடைய வேலையும் இல்லையோ அதெல்லாம் நம்முடைய வேலை. பெருக்கணும், போர்டு அழிக்கணும், டீ வாங்கி வரணும், பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற புத்தகக் கட்டைப் பிரித்து அடுக்கணும். என்னைப் போல ஆபீஸ்களில் ஓரமாக நின்று வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வருகிறவர்கள் சந்தேகத்தை முதலில் நம்மிடம்தான் கேட்பார்கள். நன்றியை மட்டும் உள்ளே போய் ஆபீசரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் படித்தது ஏழாவது வரைக்கும்தான். கல்யாணமாகி, பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடி ஒன்றில் இருந்த அந்த மையத்தில் சேர்ந்தேன். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவள் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறவர்களுக்கு எதை முதலில் எழுதணும், எதைத் தள்ளிப் போடணும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன் என்றால் என் வீட்டுக்காரரே இன்னும் முழுசாக நம்பவில்லை. செல்வி என்கிற மில் வேலைக்காரப் பெண்ணின் டிகிரியே கடைசியில் அந்தப் பட்டியலை நம்பி நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செம்பட்டி கண்டக்டர்

புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு அட்டை நிறம்தான் அடையாளம். ரோஸ் அட்டை என்றால் கால்குலஸ், மஞ்சள் அட்டை டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், நீலம் டைனமிக்ஸ், பச்சை ரியல் அனாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் டீ வரும்வரை செத்த நேரம் அலமாரிப் பக்கம் நின்று அவரவர் படுகிற பாட்டைச் சொல்லி அழுவார்கள். "மஞ்சளைப் படிக்காம நீலத்துல கைவச்சேன், ஒண்ணும் ஓடலை" என்று ஒருவர் சொல்வார். இன்னொரு வாரம் இன்னொருவர் அதையே சொல்வார். கேட்டுக் கேட்டு, எதன்மேல் எது நிற்கிறது என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது.

செம்பட்டியிலிருந்து ஒரு தனியார் பஸ் கண்டக்டர் வருவார். மஞ்சளில் அரியர் இருக்கும்போதே நீலத்துக்கும் பரீட்சை ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தார். என்னையறியாமல், "அண்ணே, மஞ்ச அட்டையை முடிச்சவங்கதான் நீலத்துல தேறுறாங்க" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீ எந்தக் காலேஜு தாயி?" என்றார். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ரிசல்ட் வந்தபோது இரண்டும் போயிருந்தது. நேராக அலமாரிக்கு வந்தவர், கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "டிக்கெட் எடுக்காம ஏறுனா நடுவழியில இறக்கித்தான விடுவாங்க. இந்தத் தடவை மஞ்ச அட்டை மட்டும்தான். நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன்."

தக்காளிக்காரர் எடுத்த பாடம்

அதற்குப் பிறகு ஆட்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மே என்று ஒரு கட்டம், டிசம்பர் என்று ஒரு கட்டம் போடுவேன். மகளுடைய கலர் பென்சிலால் அட்டை நிறத்தை அந்தந்தக் கட்டத்தில் தீட்டிக் கொடுப்பேன். எழுத்தே இருக்காது. கிளார்க் பாண்டி அண்ணன் அதைப் பார்த்து, "ரேஷன் கார்டு மாதிரி இருக்கு" என்பார்.

எரியோட்டிலிருந்து ஒரு விவசாயி வருவார். நாற்பது வயசு தாண்டியவர். தக்காளி போட்டிருந்தார். இஷ்டப்பாடமாக இரண்டில் ஒன்றை அவர் எடுக்கணும். ஒன்று கிராஃப் தியரி, இன்னொன்று ஆபரேஷன்ஸ் ரிசர்ச். எது நல்லது என்று என்னைக் கேட்டார். "ஆரஞ்சு அட்டையில லாரிக் கணக்கு வருதுன்னு பேசிக்கிட்டாங்கய்யா. உங்களுக்கு அது தோதுப்படும்" என்றேன். நின்ற இடத்திலேயே ஆபரேஷன்ஸ் ரிசர்ச் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று குடோன், நான்கு ஊர், எந்தக் குடோனிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பெட்டி அனுப்பினால் வாடகை குறையும் என்று ஒரு கணக்கு. வாய்விட்டுப் படித்தார். பிறகு புத்தகத்தைத் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரைன்னு தெனமும் இதைத்தானம்மா பண்றோம்! இதுக்கு டிகிரி குடுப்பாய்ங்கன்னா எங்க லாரி டிரைவருக்கு முதல்ல குடுக்கணும்!"

அட்டை மாறிய வருஷம்

இப்போது என் தலைக்குனிவு. செல்விக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மாதம் ஒரு முறை வந்தால் பெரிய விஷயம். டிகிரி முடித்து, பி.எட். போய், ஸ்கூலில் கணக்கு டீச்சராக நிற்கணும் என்பதுதான் அவள் ஆசை. "பஞ்சு பறக்காத ரூமுல நின்னு பேசணும்க்கா" என்பாள். முதல் வருஷம் படிக்கும்போது, கால்குலஸ் புத்தகத்தைக் கொடுத்துவிடச் சொல்லி மில்லில் கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தியை அனுப்பியிருந்தாள். நான் ரோஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அந்த வருஷம் புத்தகத்தைப் புதிதாக அச்சடித்தவர்கள் அட்டைகளை மாற்றிவிட்டது எனக்குத் தெரியாது. ரோஸ் இப்போது ஜியாமெட்ரி. கால்குலஸ் சாம்பல் நிறத்தில் அடித்தட்டில் கிடந்தது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது செல்வியே நேரில் வந்தாள். "கால்குலஸ் எப்பக்கா வரும்?" என்றாள். பாண்டி அண்ணன் அலமாரியைப் பார்த்துவிட்டு அட்டை மாறியதைச் சொன்னார். சாம்பல் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் என்ன படிப்பாள்? போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேப்பரைக் கண்டாலே அவளுக்குப் பயம். ஒவ்வொரு பரீட்சைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். புத்தகம் கேட்டு வந்த அன்றைக்கே அவளிடம், தப்பான புத்தகம் என்று அப்பவே ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று அழாத குறையாகக் கேட்டேன். அவள் சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை: "நீங்க மாத்திக் குடுத்தா அதுல ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன்க்கா."

ஒரே காலையில் இரண்டு

செல்வி வந்து கேட்ட அந்த வாரமே மகளோடு சேர்ந்து நானும், பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன ஏ பி சி டியை எழுத உட்கார்ந்தேன். அவள் எல்.கே.ஜி. மூன்று மாதத்தில் அட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கலர் பென்சில் பட்டியலும் எழுத்துப் பட்டியலாக மாறியது.

செல்வி மூன்றாம் வருஷம் வந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடத்திட்டம் மாறப் போகிறது. பழைய பாடத்தில் சேர்ந்தவர்களுக்கு வருகிற மே, டிசம்பர் இரண்டு பரீட்சைதான். அதற்குள் முடிக்காதவர்கள் புதிதாகச் சேர்ந்து முதலிலிருந்து படிக்கணும். செல்விக்கு ஆறு பேப்பர் பாக்கி, அந்தப் பழைய கால்குலஸையும் சேர்த்து. முதலிலிருந்து படிப்பதற்கு வீட்டில் இன்னொரு மூன்று வருஷம் காத்திருக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேயில் மூன்று, டிசம்பரில் மூன்று என்று பட்டியல் போட்டேன். மேயில் கால்குலஸ், ரியல் அனாலிசிஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச். இதற்கு மேல் ஒழுங்காக யாராலும் போட முடியாது என்று எனக்கே ஒரு கர்வம். அவளும் அப்படியே ஃபாரம் எழுதிப் பணமும் கட்டிவிட்டாள். பிறகு டைம்டேபிள் வந்தது. முதல் வருஷக் கால்குலஸும் மூன்றாம் வருஷ ரியல் அனாலிசிஸும் ஒரே நாள், ஒரே காலை. முதல் வருஷத்தானும் மூன்றாம் வருஷத்தானும் வேறு வேறு ஆள் என்றுதானே அங்கே கணக்கு! இரண்டும் ஒரே ஆளாக இருப்பது எங்கள் அரியர் உலகத்தில்தான். செல்வி டைம்டேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இந்தத் தடவையும் அட்டையைப் பாத்துத்தான் போட்டீங்களா?"

அலமாரித் தாள்

இரண்டில் ஒன்றை டிசம்பருக்குத் தள்ளியாகணும். எதை? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ரியல் அனாலிசிஸ் எடுக்கிற சாரிடமே செல்வி கேட்டாள். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "கஷ்டமானதை மேயில எழுதும்மா. ஒருவேளை போச்சுன்னாலும் டிசம்பர்ல இன்னொரு தடவை எழுதலாம்ல. கால்குலஸைக் கடைசிக்கு வச்சுக்க." பாண்டி அண்ணனும் தலையாட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அலமாரித் தட்டில் புத்தகம் அழுக்காகாமல் இருக்க நான் தாள் விரிப்பேன். எல்லாம் பழைய டைம்டேபிள்தான். தட்டிலிருந்து புத்தகங்களை இறக்கி ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். போன டிசம்பர், போன மே, அதற்கு முந்தின டிசம்பர். எல்லாவற்றிலும் அந்த இரண்டும் ஒரே காலையில்தான் இருந்தன. இத்தனை நாளாக அதன் மேல்தான் புத்தகம் அடுக்கியிருக்கிறேன், படித்துப் பார்க்கவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு சார் முன்னால் போய் நின்றேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "சார், டிசம்பர்லயும் ரெண்டும் ஒரே காலையிலதான் வரும். டிசம்பர்ல அந்தக் காலையில தள்ளிவச்சதைத்தான எழுதணும், மேயில எது போச்சோ அது போனதுதான். எதுக்குமே ரெண்டாவது தடவை கிடையாது சார்." சார் தாளை வாங்கினார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி பேச வந்திருக்காது. "அதனால கால்குலஸை மொதல்ல எழுதட்டும். அதைச் சரியாப் படிக்காதவங்கதான் அனாலிசிஸ்ல அவ்வளவு பேரும் மாட்டுறாங்க. இங்க நின்னு அழுதவங்களை எல்லாம் எனக்குத் தெரியும் சார். அனாலிசிஸுக்கு அதுக்கப்புறம் முழுசா ஆறு மாசம் கிடைக்கும்."

சார் மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். நான் விளக்குமாற்றைத் தேடினேன். கடைசியில் தலையை நிமிர்த்தி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "ஏம்மா, நான் போர்டுல எழுதிப் போடுற நிரூபணத்தை எல்லாம் வாராவாரம் நீதான அழிக்கிற? படிச்சுப் பாத்துட்டுத்தான் அழிப்பியோ?"

முப்பத்தாறு

மே மாதம் கால்குலஸில் செல்வி நன்றாகவே தேறினாள். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் தேறியது. ஆனால் டிசம்பருக்கு மூன்றுக்குப் பதிலாக நான்கு பேப்பர். அதில் ரியல் அனாலிசிஸும் ஒன்று. நான்கில் ஒன்று போனாலும் முடிந்தது கதை. ஷிஃப்ட் முடிந்து மில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையில் பஞ்சோடு ஞாயிறு தவறாமல் வந்தாள். சாரும் அவளுக்காக டீ நேரத்தில் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். என் பங்குக்கு நான் அவளுக்கு இரண்டு வடை சேர்த்து வாங்கி வைப்பேன். அந்தக் கணக்கில் நமக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான்.

மார்க் லிஸ்ட் கட்டு வந்த அன்று பாண்டி அண்ணன் லீவு. நானே பிரித்தேன். செல்வி பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தேன். மாடர்ன் அல்ஜீப்ரா பாஸ், காம்ப்ளக்ஸ் பாஸ், மெக்கானிக்ஸ் பாஸ். ரியல் அனாலிசிஸ் என்ற வரிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் முப்பத்தாறு. பாஸ் மார்க் முப்பத்தைந்து. திரும்பவும் விரலை வைத்து, வரி தப்பாமல் பார்த்தேன். முப்பத்தாறுதான். ஆபீசில் யாரும் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே அழுதேன்.

மத்தியானம் வேடசந்தூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வி போன் பண்ணினாள். வழக்கமாக நான் போனை எடுக்கவே மாட்டேன். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பேப்பராகச் சொன்னேன். அனாலிசிஸ் மார்க்கைச் சொன்னதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஒரு மார்க்கு வீணாப் போச்சேக்கா, அந்த நேரத்துக்கு வேற எதையாச்சும் படிச்சிருப்பேன்ல!"

டிகிரியில் கையெழுத்துப் போட அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பேப்பரை எந்த மாசம் எழுதணும் என்று சொல்ல மட்டும், விளக்குமாற்றோடு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற நம்மில் ஒருத்திதான் வேண்டியிருக்கிறது.