உப்பு லாரியை மறித்த யானைகள்

தொண்ணூறுகளின் நடுவில் கேளம்பாக்கம் உப்பளத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தேன். ஒருமுறை லோடோடு மைசூர் பக்கம் போகச் சொன்னார்கள். டிரைவர் திருப்போரூர்க்காரர். அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கோயில் யானையைத் தவிர வேறு யானை தெரியாது.

சத்தியமங்கலம் தாண்டி மலை ஏறியதும் இன்ஜின் சூடாகிவிட்டது. காலை நேரம். இரண்டு பக்கமும் காடு. அண்ணாத்த குடத்தோடு ஓடைக்கு இறங்கினார். நான் மூட்டைகள் மேல் படுத்திருந்தேன்.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் யானைக் கூட்டம். நடுவில் ஒரு குட்டி. பெரியவை அதைச் சுற்றி வேலி போல வந்தன. உப்பு வாசனை இழுத்திருக்கிறது. முன்னால் வந்த கிழ யானை தார்ப்பாயைத் தும்பிக்கையால் இழுத்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணாத்த ஓடையிலிருந்து மேலே ஏறி வந்தார். குட்டிக்குப் பக்கத்திலேயே. கிழ யானை காதை விரித்து அவர் பக்கம் திரும்பியது. அவர் ரோட்டோர மதகுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"டேய், எதுனா பண்றா! மேல குந்திகினு வேடிக்கை பாக்குற!"

எங்கள் உப்பளத்தில் மாடு வந்து குவியலை நக்கினால் விரட்ட மாட்டோம். விரட்டினால் குவியல் மேலேயே ஏறி மிதிக்கும். ஒரு கூடை உப்பை எட்டத்தில் கொட்டுவோம். மாடு அங்கே போய்விடும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூட்டை தூக்கும் கொக்கியால் ஒரு மூட்டையைக் கிழித்து, லாரிக்குப் பின்னால் அள்ளி அள்ளி வீசினேன். இன்னொரு மூட்டையை அப்படியே உருட்டிவிட்டேன். ரோட்டில் விழுந்து வெடித்தது.

கிழ யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. அவ்வளவுதான், ரோட்டில் கொட்டிய உப்பைப் பார்த்து நடந்தது. குட்டியைத் தள்ளிக்கொண்டு மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் போனது.

அண்ணாத்த ஓடி வந்து ஏறினார். கையில் குடம் அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

அடுத்த ஊர் டீக்கடையில் என் தோளில் கை போட்டுச் சத்தமாகச் சொன்னார். "இவன் இன்னா பண்ணான் தெரியுமா? யானைங்களுக்குப் பந்தி வச்சுட்டு என்னைத் தூக்கினு வந்துட்டான்பா!"

"இலை போட்டியாப்பா?" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ லோடு ஏற்றிவிட்டேன், எதுவும் பேர் சொல்லும்படி இல்லை. ஆனால் ஒரு யானைக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் ஆளை உயிரோடு மீட்டவன் நான் என்று நினைத்தால், இப்போதும் என் முதுகு தானாக நிமிர்கிறது.