விலக்கில் ஒரு வேகத்தடை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ஊருக்குள் சாலை பிரியும் ஒரு விலக்கில் ஓர் அம்மா கொய்யாப்பழம் விற்பார். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. வெள்ளிக்கிழமை காலைகளில் நான் பைக்கில் வேலைக்குப் போகும்போது, பழைய பெயிண்ட் வாளியில் சுண்ணாம்பு கரைத்து, எதிரே இருந்த வேகத்தடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பழம் வாங்க நின்றபோது, "இது ரோடு போடுறவங்க வேலையில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தடை போட்டதோட அவிய வேலை முடிஞ்சிருச்சு. வெள்ள இல்லாட்டி வாரவனுக்குத் தெரியாதுல்லா? இந்தத் தடை கேட்டு எம்புட்டு மனு குடுத்தோம், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. எம்மவன் இங்கனதான் லாரில அடிபட்டுச் செத்தான். ஊரே மறியல் பண்ணுச்சு. சாயங்காலமே போட்டுட்டாவ."

போன மாதம் ஓர் அமைச்சர் அந்த வழியாக வந்தார். அவர் கார் குலுங்கக் கூடாதாம். முந்தின நாளே வேகத்தடையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா சுண்ணாம்பு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வண்டியை நிறுத்தி, "திரும்பப் போடச் சொல்லிக் கேக்கலாமேம்மா?" என்றேன்.

"கேட்டேன்யா. பாக்கலாம்னாவ." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போடுவாவ. அதுக்கு எவ பெத்த புள்ளையோ."



இப்போதும் அந்த இடம் வந்தால் என் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது. பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்தி, ஒன்றுமில்லாத ரோட்டில் எதற்கு நிற்கிறாய் என்று திட்டிவிட்டுப் போகிறான்.