செக்கிங் அக்கா ஏற்றுக்கொண்ட பழி

நல்லூர் பனியன் கம்பெனியில் வேலை பழகிய நாட்களை நினைத்தால், செக்கிங் மேஜை அக்காதான் முதலில் வருவார். துணியில் பழுது காட்ட ஒட்டும் அம்பு ஸ்டிக்கர்கள் அவர் கையில் வரிசையாக இருக்கும். தான் திட்டியதால்தான் மகனுக்கு மனநோய் வந்தது என்று புலம்புவார்.

எங்கோ ஒரு கட்டுரை படித்த வேகத்தில் ஒருநாள் சொன்னேன்: “அதில்லீங்க்கா. கர்ப்பத்துல கடுமையான தொற்றுக்காய்ச்சல் வந்திருந்தா, பிள்ளைக்குப் பின்னாடி இந்த நோய் வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுமாம்.”

அவர் கை நின்றது. “ஏழாம் மாசம் படுத்துக் கெடந்தேன் கண்ணு. பெரியவ பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டாந்த காய்ச்சலு.”

பக்கத்து லைனில் தைத்துக்கொண்டிருந்த மூத்த மகளைப் பார்த்தார். தம்பிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்கு வருபவள்.

“அவகிட்டச் சொல்லிராதீங்க. நான் திட்டுனதாவே இருக்கட்டும்.”

டீ வேளையில் மகள் வந்து, “ஏனுங்க, அம்மாகூட அப்படி என்ன ரகசியம்?” என்றாள். ஓயாமல் பேசும் நான் டீயைக் குடித்தேன்.