சுண்டுவிரலுக்கு வைத்த விடை

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நாலு விடை கொடுத்துச் சரியானதைக் கேட்கிற பரீட்சைக் கேள்விகளை எழுதியதும், அடுப்படிக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டுவார். நான் ஐந்தாம் வகுப்போடு சரி. பாடம் தெரியாவிட்டாலும் எது நீளமான விடையோ அதைச் சொல்லிவிடுவேன். பல நேரம் அதுவே சரியாக இருக்கும்.

"உனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா கேள்வியிலதான் கோளாறு கீதுடி" என்று சிரித்துக்கொண்டே போய், தப்பான மூன்றையும் நம்பும்படி மாற்றி எழுதி வருவார். நான் முழித்தால்தான் கேள்வி தேறும். 'இவற்றுள் எதுவுமில்லை' என்று போடுவது மட்டும் அவருக்கு ஆகாது. அது சோம்பேறி வைக்கிற விடையாம். சரியானதை நாலில் ஒன்றாக வைக்காமல் பிள்ளையைக் கேட்பது பாவம் என்பார்.

தொண்ணூற்றொன்று ஆடியில், வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் தெளிவு. கண்ணாலே எதையோ கேட்பார். தண்ணீரா, காபியா என்று நான் அடுக்கிக்கொண்டே போனால் களைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

அப்புறம் அவர் வழியையே பிடித்தேன். என் கையை விரித்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, விரலுக்கு ஒரு விடை. இடது கையால் தொட்டுக் காட்டுவார். முதலில் மோர், கஞ்சி, காபி என்று எல்லாமே வயிற்றுக்கு வைத்தேன். அவருக்கோ முதுகு வலி. போகப் போக வயிற்றுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, யாரையாவது பார்ப்பதற்கு ஒன்று என்று பிரிக்கத் தெரிந்தது. சுண்டுவிரலுக்கு அவருக்கு ஆகாததையே வைத்தேன்: இதில் எதுவுமில்லை. முதல் தடவை அதைச் சொன்னபோது பாதி வாயால் சிரித்தார்.

கார்த்திகையில் மழை பிடித்த ஒரு காலை, சுண்டுவிரலைத் தொட்டார். வேறு மூன்று மாற்றி வைத்தேன். மறுபடியும் அதுதான்.

"பொண்ண வரச் சொல்லட்டுங்களா? கட்டில வாசப்பக்கம் போடணுமா? எம்மேல எதுனா கோவமா?"

அந்த விரலையே பிடித்துக்கொண்டார். எனக்கு வைக்க விடை தீர்ந்துபோயிற்று. மத்தியானத்துக்குள் மூச்சு நின்றது. நாத்தனார் வந்துதான் அவர் பிடியிலிருந்து என் விரலை எடுத்துவிட்டாள்.

இப்போது ஒரகடம் போகிற முதல் கம்பெனி பஸ் சத்தத்தில் விழித்துக்கொள்கிறேன். படுத்தபடியே புதிதாக மூன்று தோன்றும். சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து என்றாரோ. நீ சாப்பிட்டாயா என்றாரோ. கேட்டது போதும், சும்மா பக்கத்தில் உட்கார் என்றாரோ.

தொட்டுக் காட்ட அவர் இல்லை.