மகேஸ்வரி டீச்சர் கழற்றிய இயர்போன்

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறி உட்கார்ந்தபோது எங்கள் பள்ளி அதிபரின் அழைப்பு வந்தது. "சேர், நம்ம மகேஸ்வரி டீச்சர் போயிட்டாங்க." பக்கத்து வகுப்பறையில் நான் தினமும் கேட்ட குரல் இனி இல்லை என்பது, பஸ்ஸை விட்டு இறங்கும்வரை மண்டையில் ஏறவில்லை.

எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்கு அவர் செய்ததை நம் பள்ளியில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால் போன் அதை வாசித்துக்காட்டும்; பிள்ளை கேட்டுப் படிக்கும். "இது பாடமா, ரேடியோவா?" என்று ஆசிரியர் அறையில் கிண்டலடிப்போம். "கண்ணு வழியா போனா என்ன, காது வழியா போனா என்ன சேர்? உள்ள போகுதான்னு பாருங்க" என்பார்.

கௌசல்யா அப்படித்தான் படித்தாள். தரம் ஒன்பதிலும் ஒரு வரியை முழுதாக வாசிக்க முடியாதவள். கேட்டதை மட்டும் ஒன்று விடாமல் சொல்வாள். திடீரென்று அவள் பள்ளிக்கு வருவது நின்றது. டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனார்.

"எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டே இருக்கா டீச்சர். எவன்கூட பேசுறான்னு லயமே கேக்குது. போன புடுங்கி வச்சிட்டேன். படிச்சது போதும், கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறேன்" என்றார் அவள் அப்பா. கௌசல்யா கதவோரம் நின்று அழுதாள்.

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "அந்தப் போனக் குடுங்க. அந்தப் பையன் யாருன்னு எல்லாருமே கேக்கட்டும்." இயர்போனைக் கழற்றி, அவள் கடைசியாகக் கேட்டதை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, வாசலில் வைத்தார். வேலை முடிந்து வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். போன் நிதானமாகச் சொன்னது: "உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குச் செல்கிறது."

யாரோ களுக்கென்று சிரிக்க, லயமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெருங்குடல் வரைக்கும் நின்று கேட்டுவிட்டுப் போனை மகள் கையில் கொடுத்தார். மறுநாள் அவள் வகுப்பில் இருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் போனபோது, டீச்சர் வீட்டு மதிலில் அவர் படத்தோடு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். இந்த முறை பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் கௌசல்யா, அதன் முன் நின்று படம் பிடித்தாள். இயர்போன் மாட்டவில்லை. அதே நிதானமான குரல் டீச்சரின் பெயரைச் சொல்லி, காலமானார் என்று கூட்டத்துக்கே கேட்க வாசித்தது. பக்கத்தில் நின்ற அவள் அப்பா வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

இனி என் வகுப்பிலும் போன் சத்தமாகவே வாசிக்கும். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.