சோணை கையில் விசில்

1. மூன்றாவது மூக்கு

மதுரையில் ஒரு நூல் மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் செட்டில் சோணை என்று ஒருவன் வேலை பார்த்தான். வில்லாபுரத்துக்காரன், வயது பத்தொன்பது. ஒரு நாள் மதியச் சங்கு ஊதுவதற்குள் மூன்றாவது ஆளின் மூக்கை உடைத்துவிட்டான். எங்களுக்கு மேலதிகாரியான மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"யோவ் மேஸ்திரி, இன்னொரு அடிதடின்னா அவன் பேரை அடிச்சிருவேன். வேற எந்த மில்லுலயும் சேக்க மாட்டாங்க, பாத்துக்க."

சோணையின் அப்பா படுத்த படுக்கை. அவன் சம்பளத்தில்தான் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவான். மறுநாள் அடிப்பான்.

2. கோடு போடுகிற வேலை

ஞாயிறுதோறும் வைகை மணலில் மில் ஆட்களுக்குச் சடுகுடு நடத்தி வந்தேன். கூலி கிடையாது, நன்றியும் கிடையாது. சோணையை அங்கே இழுத்துப் போனேன். கோடு கிழிக்கச் சொன்னேன்.

"ஏண்ணே, நானும் ஆடுறேனே?"

"நீ ஆடுனா நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் தூக்கணும். கோட்டைப் போடுடா."

முனகிக்கொண்டே போட்டான். மூன்றாவது வாரம், கோட்டை அழித்தவனோடு மல்லுக்கு நின்றான். எரிச்சலில் என் விசிலை அவன் கையில் திணித்தேன். "அடிக்கத் தோணுச்சுன்னா இதை ஊதித் தொலை."

சடுகுடுவில் பாடிப் போகிறவன் நடுவில் மூச்சு விட்டால் அவுட். ஆனால் கூட்டம் போடும் கூச்சலில் அது யார் காதிலும் விழாது. சண்டையெல்லாம் இதில்தான் வரும். எங்கள் ஷெட்டிலோ மிஷின் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்போம். சோணை அதையே மணலிலும் செய்தான். பாடுகிறவனுக்குப் பக்கத்திலேயே ஓடி, உதட்டையும் தொண்டையையும் பார்த்து ஊதினான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இதை நான் திட்டம் போட்டுச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். தொல்லை தாங்காமல் செய்தேன்.

3. எழுமலை ஆட்டம்

எழுமலை அணி எங்களோடு மோத வந்தது. "அந்த உதடு பாக்குற தம்பியே ஊதட்டும்" என்று அவர்களே கேட்டார்கள். மாஸ்டரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பாட்டு. எங்கள் அணியிலிருந்து என் மச்சினன் பெருமாள் பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினால் ஜெயம். தொட்டுவிட்டான். கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது விசில் கேட்டது.

"மூச்சு விட்டுட்டீகண்ணே. வெளிய வாங்க."

"டேய், நம்ம மில்லுல சம்பளம் வாங்கிட்டு எழுமலைக்கு ஊதுறியா?" என்று கத்திய பெருமாள் அவனைப் பளார் என்று அறைந்தான்.

சோணையின் கை முஷ்டியாக இறுகியது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். பையன் திருப்பி அடித்தால் வேலை அங்கேயே போய்விடும்.

"நீங்க உதட்டை மூடுனதைப் பாத்தேண்ணே. அம்புட்டுத்தான்" என்றான் சோணை. கை கீழேயே இருந்தது.

நான்தான் பொறுக்கமாட்டாமல் உள்ளே ஓடி, பெருமாளின் பிடரியைப் பிடித்துக் கையை ஓங்கிவிட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் விசில் அலறியது.

"மேஸ்திரி, கோட்டுக்கு வெளிய போங்க. இங்க அடிதடி கூடாது."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நாங்கள் தோற்றோம். பெருமாள் ஆறு மாதம் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டர் கூப்பிட்டார். "யோவ், இன்னொரு அடிதடின்னா உன் பேரை அடிச்சிருவேன்." சோணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைப் படிக்கும் மேஸ்திரிமார்களே, முரட்டுப் பையன்களுக்குப் புத்தி சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் சொன்னால் நாலு பேர் கேட்டாக வேண்டும் என்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுங்கள். அப்புறம் நீங்களும் கேளுங்கள். அதுதான் கஷ்டம். அன்றைக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றேன்.