கரகரக்காரி

பன்னிரண்டு மணி நெருங்கினால் ஒப்துலியா டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவார். பியானோவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எவ்வளவு அழகாக வாசித்துக்கொண்டிருந்தாலும் சரி. "காத்து வருது" என்பார். இலை அசையாத ஆகஸ்டிலும் அதே காற்றுதான்.

சாத்துவது காற்றுக்காக அல்ல, கோயில் மணிக்காக. மொந்தல்வேரா என்ற இந்த ஊரின் பெரிய மணி விரிசல் விட்டது. திராட்சைத் தோட்டங்களின் மேல் ஆலங்கட்டி மேகம் கவிந்த ஒரு நாளில், மணியோசையால் அதை விரட்ட ஊரே முறைபோட்டு அடித்து உடைத்த மணி. மேகம் கலைந்தது. அதற்குப் பிறகு அதை உருக்கிப் புதிதாக வார்க்க யாரும் சம்மதிக்கவில்லை. 'கரகரக்காரி' என்று செல்லப்பெயர் வைத்து, அவள் குரல் கேட்டுத்தான் மதிய சூப்பில் கரண்டி வைப்பார்கள்.

இங்கே ஒரு குளிர்காலம் தங்கிய இசையமைப்பாளர் ஓசோரெஸ், ஊரைப் பற்றிப் பியானோவுக்கு ஒரு தொகுப்பு எழுதிவிட்டுப் போனார். மதில், சந்தை, கழுதைப் பாதை எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பகுதி மணி. அந்த விரிசல் கரகரப்புக்காக அதில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும். கேட்டால் பல் கூசும். இளவயதில் மத்ரீதில் நடந்த தேர்வில் ஒப்துலியா அதை எழுதியபடியே வாசித்தார். "ஏம்மா, நல்ல மணி வாங்க உங்க ஊருக்கு வக்கில்லையா?" என்று தேர்வாளர் ஒருவர் சிரித்தார். அன்று முகத்தில் ஏறிய சூடு இறங்கவே இல்லை. ஊர் திரும்பியவர் இரண்டில் ஒரு கட்டையை விட்டுவிட்டார். மாணவர்களிடம், "அது அச்சுப் பிழை, கண்ணு" என்றார். திருவிழாதோறும் அவர் வாசிக்க, இந்த ஊர் கேட்டுக் கைதட்டியது வேறு ஏதோ ஊரின் மணிக்கு.

இந்தச் செப்டம்பரில் அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. திருவிழாவில் அதை வாசிக்கப் பில்பாவோ நகரத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். அவள் அச்சில் இருந்தபடி வாசித்தாள். கடைசிப் பகுதியில் அந்த இரண்டு கட்டைகளும் சேர்ந்து ஒலித்ததும் ரொட்டிக்கடை தமாசோ எழுந்தே நின்றுவிட்டார்.

"அட, நம்ம கரகரக்காரிடா இது!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். தமாசோ முன்வரிசைப் பக்கம் குனிந்தார். "ஏன் டீச்சர், இத்தன வருசமா இவள எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் ஒப்துலியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரோ ஒருவன் சிரித்ததற்குப் பயந்து, சொந்த ஊரின் வாயைப் பொத்தியது தன் கைதான்.

மறுநாள் பாடத்தின் நடுவில் பன்னிரண்டு நெருங்கியது. கையில் கட்டோடு இருக்கிறாரே என்று மாணவி நீவெஸ் தானே போய் ஜன்னலைச் சாத்தினாள். டீச்சர் எழுந்து அதை விரியத் திறந்தார்.

"டீச்சர், காத்து..."

"வரட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்து, வீங்கிய கையின் இரண்டு விரல்களை அடுத்தடுத்த கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, மணி அடிக்கக் காத்திருந்தார்.